ஸ்டைரீன் பலபடியாக்கலில் கரைப்பான்: மதுரை ஆய்வகங்களிலும் பட்டறைகளிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.எஸ்சி. செய்முறைத் தேர்வுக்கும் ஆய்வுத் திட்டத்துக்கும் ஸ்டைரீனைக் கையில் எடுக்கும் மாணவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கப்பலூர், கே.புதூர் பக்கம் ரப்பர், ஃபைபர் வேலை செய்பவர்கள் கேட்பவையும் அவற்றோடு வந்து சேர்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம் இருக்கிறது: கரைப்பான் வெப்பத்தை மாற்றும், வேகத்தை மாற்றும், சங்கிலியின் நீளத்தை மாற்றும். சில வினைகள் நடக்குமா நடக்காதா என்பதே அதன் கையில்தான்.

ஸ்டைரீனே திரவம்தானே, தனியாகக் கரைப்பான் எதற்கு?

முதல் காரணம் வெப்பம். ஒரு மோல் ஸ்டைரீன், அதாவது 104 கிராம், பலபடியாகி, அதாவது சிறு மூலக்கூறுகள் கோத்து நீண்ட சங்கிலியான பாலிமராக மாறும்போது சுமார் 70 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். அந்த வெப்பம் எங்கும் போகாமல் கலவைக்குள்ளேயே தங்கினால் வெப்பநிலை 300 டிகிரிக்கு மேல் ஏறும். சோதனைக்குழாயில் 5 மி.லி. எடுத்துச் செய்யும்போது கண்ணாடிச் சுவர் வழியே வெப்பம் தப்பிவிடுகிறது, ஒன்றும் தெரியாது. அதே முறையை 500 மி.லி. குடுவையில் செய்தால் கதை வேறு.

இரண்டாவது காரணம் பாகுநிலை. பாலிமர் சேரச் சேரக் கலவை தேன்போல் கெட்டியாகும். நீண்ட சங்கிலிகளின் முனைகள் ஒன்றையொன்று தேடிப்பிடித்து முடிந்துபோக முடியாது. சின்ன மோனோமர் மூலக்கூறு (இன்னும் சங்கிலியில் சேராத ஸ்டைரீன்) மட்டும் தடையின்றி வந்து ஒட்டிக்கொண்டே இருக்கும். சங்கிலி முடிவது குறைய, வேகம் தானாக ஏறும். இதுதான் ஜெல் விளைவு. டிராம்ஸ்டார்ஃப் விளைவு என்றும் சொல்வார்கள். மீத்தைல் மெத்தாக்ரிலேட்டில் இது கடுமையாக இருக்கும், ஸ்டைரீனில் கொஞ்சம் மென்மை. ஆனாலும் வேகம் ஏறும் அதே நேரத்தில் காந்தக் கலக்கி சுற்ற முடியாமல் நின்றுபோகிறது என்பதை மறக்கக் கூடாது.

பாதிக்குப் பாதி டொலுவின் சேர்த்தால் இரண்டு சிக்கலும் தணியும். டொலுவின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். மிஞ்சிப் போனால் 111 டிகிரியில் கொதித்து, கண்டென்சரில் குளிர்ந்து திரும்பி விழும். வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருகிற வேலை அது.

பெரிய ஆலைகள் பாலிஸ்டைரீனைப் பெரும்பாலும் தொடர் முறையில், கொஞ்சம் எத்தில்பென்சீன் கலந்து தயாரிக்கின்றன. ஸ்டைரீன் தயாரிப்பதே எத்தில்பென்சீனிலிருந்துதான் என்பதால் அந்நியப் பொருள் எதுவும் உள்ளே வருவதில்லை. கடைசியில் வெற்றிடத்தில் ஆவியாக்கி எடுத்து மீண்டும் பயன்படுத்துவார்கள்.

டொலுவின் சேர்த்ததும் விளைச்சல் பாதிக்கும் கீழே போய்விட்டது. டொலுவின் வினையைத் தடுக்கிறதா?

தடுக்கவில்லை, நீர்க்கச் செய்கிறது. இங்கே சங்கிலி வளர்வது தனி உறுப்பு (இணையாத எலக்ட்ரான் கொண்ட முனை) வழியே. அந்த வினையின் வேகம் மோனோமர் செறிவுக்கு நேர்விகிதம். சங்கிலியைத் தொடங்கிவைக்கும் பொருளான தொடக்கியின் செறிவின் வர்க்கமூலத்துக்கும் நேர்விகிதம். தூய ஸ்டைரீனின் செறிவு லிட்டருக்கு சுமார் 8.7 மோல். சம கன அளவு டொலுவின் ஊற்றினால் 4.35 ஆகிறது. தொடக்கியும் ஸ்டைரீனோடு சேர்ந்தே நீர்த்திருந்தால் வேகம் 0.5 × 0.71, அதாவது முன்பிருந்ததில் 35 சதவீதம்தான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் "டொலுவின் அசுத்தம்" என்று பதிவேட்டில் எழுதிவிடுவது நாம் அதிகம் பார்க்கும் தவறு.

மூலக்கூறு எடையும் குறைந்துவிட்டதே, அது சங்கிலி மாற்றம்தானே?

பெரும்பாலும் இல்லை. இதை நிதானமாகப் பார்ப்போம்.

வளரும் சங்கிலியின் முனை கரைப்பானிலிருந்து ஒரு ஹைட்ரஜனையோ குளோரினையோ பிடுங்கிக்கொண்டு முடிந்துபோவதும், கரைப்பான் தனி உறுப்பாகிப் புதுச் சங்கிலி தொடங்குவதும்தான் சங்கிலி மாற்றம். ஃபிராங்க் மேயோ 1943-இல் தந்த சமன்பாடு இதைக் கணக்கிட உதவும். ஒரு சங்கிலியில் உள்ள சராசரி அலகு எண்ணிக்கையின் தலைகீழ் மதிப்பை எடுங்கள். அது, கரைப்பான் மாற்றம் இல்லாதபோது இருக்கும் தலைகீழ் மதிப்போடு, மாற்ற மாறிலியைக் கரைப்பான்–மோனோமர் செறிவு விகிதத்தால் பெருக்கிக் கூட்டியதற்குச் சமம்.

60 டிகிரியில் ஸ்டைரீனுக்கான மாற்ற மாறிலிகளை 10,000-ஆல் பெருக்கிச் சொன்னால்: பென்சீன் 0.023, சைக்ளோஹெக்சேன் 0.031, டொலுவின் 0.125, எத்தில்பென்சீன் 0.67, கியூமீன் 0.82, அசிட்டோன் 4.1. கார்பன் டெட்ராகுளோரைடு சுமார் 110. பியூட்டைல் மெர்காப்டன் 2,10,000.

பென்சீனிலிருந்து கியூமீன் வரை ஏறும் வரிசையைக் கவனியுங்கள். பென்சீனில் பிடுங்கச் சுலபமான ஹைட்ரஜன் இல்லை. டொலுவினில் வளையத்தை ஒட்டிய கார்பனில் ஹைட்ரஜன் இருக்கிறது. அதை இழந்தால் உருவாகும் பென்சைல் தனி உறுப்பு நிலையானது. எத்தில்பென்சீனிலும் கியூமீனிலும் அது இன்னும் நிலையானது. அதே இடத்தில் ஹைட்ரஜனே இல்லாத டெர்ட்-பியூட்டைல்பென்சீனுக்கு மாறிலி 0.06 என்று விழுந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தில் படித்த தனி உறுப்பு நிலைப்புத்தன்மை முழுவதும் இந்த ஒரு வரிசையில் தெரிகிறது.

இப்போது கணக்கு. கரைப்பான் மாற்றம் இல்லாமல் 1000 அலகு வரவேண்டிய சங்கிலி என்று வைத்துக்கொள்வோம். சம கன அளவு டொலுவினில் அது 987 ஆகும். எத்தில்பென்சீனில் 940. கார்பன் டெட்ராகுளோரைடில் 71. டொலுவினால் வரும் குறைவு ஒன்றரை சதவீதம்கூட இல்லை. பாகுநிலையை அளக்கும் பிசுக்குமானி அதைக் காட்டாது.

பிறகு ஏன் மூலக்கூறு எடை அவ்வளவு குறைகிறது? மறுபடியும் நீர்த்தல்தான். சங்கிலி நீளம் மோனோமர் செறிவுக்கு நேர்விகிதம். தொடக்கிச் செறிவின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ். மேயோ வரைபடம் போட விரும்பினால், மோனோமர் செறிவைப் பாதியாக்கும்போது தொடக்கிச் செறிவைக் கால்பங்காக்குங்கள். அப்போது நீர்த்தலின் பங்கு மாறாமல் நிற்கும்; கோட்டின் சாய்வு கரைப்பானுடையது மட்டுமாக இருக்கும். இதைச் செய்யாமல் போட்ட வரைபடத்தில் கிடைக்கும் மாறிலிக்கு மதிப்பே இல்லை.

சாதாரண ஆய்வகத்தில் செய்யக்கூடிய ஒரு நல்ல செய்முறை வேண்டும்.

ஸ்டைரீனில் டெர்ட்-பியூட்டைல்கேட்டகால் என்ற தடுப்பான் 10 முதல் 15 பி.பி.எம். இருக்கும். முதலில் அதை நீக்குங்கள். பிரிபுனலில் 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் மூன்று முறை கழுவினால் காரம் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறும். மூன்றாவது முறை நிறம் வரக் கூடாது. பிறகு லிட்மஸில் காரம் தெரியாதவரை வாலை வடிநீரால் கழுவி, நீரற்ற மெக்னீசியம் சல்பேட்டில் அரைமணி நேரம் உலர்த்தி வடிகட்டுங்கள். வெற்றிடம் இருந்தால் 20 மி.மீ. பாதரச அழுத்தத்தில் வடித்தெடுக்கலாம். சுமார் 45 டிகிரியில் வரும். சாதாரண அழுத்தத்தில் வடிக்கவே வேண்டாம். 145 டிகிரிக்குப் போவதற்குள் தடுப்பான் இல்லாத ஸ்டைரீன் குடுவைக்குள்ளேயே பாலிமராகிவிடும். அவசரத்துக்குக் கார அலுமினா நிரப்பிய சிறு பத்தி வழியாக ஊற்றி எடுத்தாலும் போதும்.

10 மி.லி. ஸ்டைரீன் (9.06 கிராம்), 10 மி.லி. டொலுவின், தொடக்கியாக 90 மி.கி. ஏ.ஐ.பி.என். (அசோபிஸ்ஐசோபியூட்டிரோநைட்ரைல்) மூன்றையும் 50 மி.லி. குடுவையில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, 20 நிமிடம் நைட்ரஜன் குமிழிவிடுங்கள். கண்டென்சர் பொருத்தி, 70 டிகிரி எண்ணெய்த் தொட்டியில் 4 மணி நேரம். பிறகு பனிக்கட்டியில் குளிர்வித்துத் திறங்கள். கெட்டியாகத் தெரிந்தால் 5 மி.லி. டொலுவினால் தளர்த்தி, வேகமாகச் சுழலும் 250 மி.லி. மெத்தனாலில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெள்ளை நாராகவோ தூளாகவோ விழும். வடிகட்டி, மெத்தனாலால் கழுவி, உலர்த்தி எடையிடுங்கள்.

நான்கு மணி நேரத்தில் 30 முதல் 40 சதவீத மாற்றம் எதிர்பார்க்கலாம். சராசரி மூலக்கூறு எடை இருபது, முப்பதாயிரத்தை ஒட்டி இருக்கும். 90 சதவீதம் வந்ததாக யாராவது காட்டினால் வீழ்படிவு இன்னும் உலரவில்லை என்று அர்த்தம்.

நான்கு மணி நேரம் ஆகியும் மெத்தனாலில் லேசான கலங்கல் மட்டும் வருகிறது. ஏன்?

ஆக்சிஜன். ஸ்டைரீன் தனி உறுப்பு ஆக்சிஜனோடு மிக வேகமாகச் சேர்ந்து பெராக்சி தனி உறுப்பாகிவிடும். அது ஸ்டைரீனைத் தாக்கும் வேகம் மிகக் குறைவு. கரைந்த ஆக்சிஜன் தீரும்வரை பாலிமர் வராது. நைட்ரஜன் குழாயின் நுனி திரவத்துக்குள் மூழ்கியிருந்ததா, செப்டத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த சந்தேகம் நீக்கப்படாத தடுப்பான். மூன்றாவது, அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் கிடந்த ஏ.ஐ.பி.என்.; மெத்தனாலில் 40 டிகிரிக்குள் கரைத்து மறுபடிகமாக்கிப் பயன்படுத்துங்கள்.

டி.எச்.எஃப்.-ஐ (டெட்ராஹைட்ரோஃபியூரான்) கரைப்பானாக எடுத்தவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கடையில் வரும் டி.எச்.எஃப்.-இல் பி.எச்.டி. என்ற தடுப்பான் பெரும்பாலும் இருக்கும். தடுப்பான் இல்லாததை வாங்கினால் பெராக்சைடு சேரும். பொட்டாசியம் அயோடைடு சோதனை செய்யாமல் அதை வடிக்கக் கூடாது.

வீழ்படிவு நாராக வராமல் சூயிங்கம் மாதிரி உருண்டு கலக்கியில் ஒட்டிக்கொள்கிறது.

கரைசலை ஒரேயடியாக ஊற்றியிருப்பீர்கள், அல்லது மெத்தனால் போதவில்லை. டொலுவினின் பங்கு ஏறியதும் அந்தக் கலவையே பாலிமரை ஊறவைக்கும் திரவமாகிவிடுகிறது. குறைந்தது பத்து மடங்கு மெத்தனால், குளிரவைத்து, வேகமாகக் கலக்கிக்கொண்டே விடுங்கள். உருண்டுபோனதைத் தூக்கிப் போட வேண்டாம். டொலுவினில் மீண்டும் கரைத்து இன்னொரு முறை வீழ்படிவாக்கினால் சரியாகும், கூடவே சுத்தமும் ஆகும்.

மெத்தனால் வாங்க உரிமம் கேட்கிறார்கள். வேறு எதுவும் பயன்படுமா?

எத்தனாலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பயன்படும். உலர்த்த இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். தண்ணீர் வேண்டாம், டொலுவினோடு கலக்காது, பால்போல் நின்றுவிடும்.

பென்சீனின் மாற்ற மாறிலிதான் மிகக் குறைவு. அதையே எடுக்கலாமே?

வேண்டாம். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள். டொலுவினுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் முடிவில் தெரியாத அளவு சிறியது என்று மேலே பார்த்தோம்.

மதுரை வெயிலுக்குத் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நிச்சயமாக. ஸ்டைரீனின் தீப்பற்று வெப்பநிலை 31 டிகிரி. சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத ஆய்வகம் காலை பத்து மணிக்கே அதைத் தாண்டிவிடும். திறந்த பாட்டிலின் வாய்ப்பக்கம் எந்நேரமும் தீப்பிடிக்கக்கூடிய ஆவி நிற்கிறது என்று எண்ணியே வேலை செய்யுங்கள். ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது. மேசையிலிருந்து இறங்கித் தரையோடு ஓடும். பக்கத்து மேசையில் பன்சன் சுடர் இருக்கவே கூடாது.

சேமிப்பு இன்னும் முக்கியம். தடுப்பான் வேலை செய்யக் கரைந்த ஆக்சிஜன் தேவை; வெப்பம் ஏற ஏறத் தடுப்பான் வேகமாகத் தீரும். ஆகவே தடுப்பான் உள்ள ஸ்டைரீனை 25 டிகிரிக்குக் கீழே, பாட்டிலில் கொஞ்சம் காற்றிடம் விட்டு வையுங்கள். நைட்ரஜன் நிரப்பி மூடாதீர்கள். தடுப்பான் நீக்கியதை அன்றே பயன்படுத்துங்கள். 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஊரடங்கில் தேங்கிக் கிடந்த ஸ்டைரீன் தொட்டி தானாகச் சூடேறி ஆவி வெளியேறி 12 பேர் இறந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போதிய தடுப்பானும் குளிர்விப்பும் இல்லாமல் போனதே அங்கே நடந்தது.

கண்டென்சர் தண்ணீரும் ஒரு பிரச்சினை. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் கை சுடும். அதைக் குழாயில் ஓடவிட்டால் டொலுவின் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும்; செறிவு மாறி உங்கள் கணக்கும் போகும். ஒரு வாளியில் ஐஸ் போட்டு மீன்தொட்டி பம்பு வைத்துச் சுற்றவிடுங்கள். தண்ணீரும் மிச்சம். மின்தடை வந்தால் குடுவையை எண்ணெய்த் தொட்டியிலிருந்து உடனே தூக்கும்படி ஸ்டாண்டை அமைத்துக்கொள்ளுங்கள்.

எது பாலிஸ்டைரீனைக் கரைக்கும், எது கரைக்காது?

ஒவ்வொரு பொருளுக்கும் கரைதிறன் அளபுரு என்று ஓர் எண் உண்டு; இரண்டு பொருள்களின் எண்கள் அருகருகே இருந்தால் கரையும். பாலிஸ்டைரீனுக்கு சுமார் 18.6, டொலுவின் 18.2, எத்தில் அசிட்டேட் 18.6. இவை நன்றாகக் கரைக்கும். ஹெக்சேன் 14.9, மெத்தனால் 29.6, இரண்டும் கரைக்காது. அசிட்டோன் நடுவில் மாட்டிக்கொண்டது: தெர்மாகோலை அது உடனே சுருக்கிவிடும், ஆனால் மிஞ்சுவது பெரும்பாலும் ஊறிய கூழ்தான்.

சைக்ளோஹெக்சேன் மதுரைக்காரர்களுக்குத் தனிச் சிறப்புள்ளது. அதில் பாலிஸ்டைரீனின் தீட்டா வெப்பநிலை, அதாவது கரைப்பான் நல்லதாகவும் கெட்டதாகவும் இல்லாமல் நடுநிலையில் நிற்கும் வெப்பநிலை, 34.5 டிகிரி, கிட்டத்தட்ட நம் ஊர்ப் பிற்பகல். பத்து லட்சம் மூலக்கூறு எடையுள்ள மாதிரியின் கரைசலை 22 டிகிரி ஏசி அறையில் வைத்தால் கலங்கும். வராந்தாவுக்குக் கொண்டுவந்து கொஞ்ச நேரம் பொறுத்தால் தெளியும். மூலக்கூறு எடை குறைந்த மாதிரி இன்னும் குளிர்ந்தால்தான் கலங்கும். செலவில்லாமல் வகுப்பில் காட்ட இதைவிட நல்ல செய்முறை கிடையாது.

பிசுக்குமானியில் ஒரே மாதிரிக்கு இரண்டு கரைப்பானில் இரண்டு எண் வருகிறது. எது சரி?

இரண்டும் சரி. டொலுவினில் சங்கிலி விரிந்து கிடக்கும். தீட்டா நிலையில் சுருண்டு கிடக்கும். ஒரு லட்சம் மூலக்கூறு எடைக்கு, 30 டிகிரி டொலுவினில் உள்ளார்ந்த பாகுநிலை கிராமுக்கு சுமார் 46 மி.லி.; 35 டிகிரி சைக்ளோஹெக்சேனில் சுமார் 25. பாகுநிலையிலிருந்து மூலக்கூறு எடையைக் கணக்கிட உதவும் மார்க்–ஹூவிங்க் மாறிலிகள் டொலுவினுக்கு 0.011, 0.725, சைக்ளோஹெக்சேனுக்கு 0.080, 0.50. ஒன்றின் மாறிலியை மற்றதன் அளவீட்டில் போட்டுவிடுவதுதான் தவறு. இன்னொன்று: கோடையில் அறையே 35 டிகிரி என்றால், சூடேற்றி மட்டும் உள்ள தொட்டி 30-இல் நிற்காது. குளிர்விக்க வழி செய்யுங்கள்.

எதிரயனி முறையில் கரைப்பான் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

எதிரயனி முறையில் வளரும் முனை எதிர்மின்சுமை கொண்டது. தனி உறுப்புக்கு மின்சுமை கிடையாது. கரைப்பான் முனைவுள்ளதா இல்லையா என்பது அதற்குப் பெரிதில்லை. எதிரயனிக்கோ பக்கத்தில் ஒரு உலோக அயனி நிற்கிறது. இரண்டும் ஒட்டிக் கிடக்கின்றனவா, தள்ளி நிற்கின்றனவா என்பதைக் கரைப்பான்தான் முடிவுசெய்கிறது. டி.எச்.எஃப்.-இல் 25 டிகிரியில் பிரிந்து நிற்கும் ஸ்டைரைல் எதிரயனியின் வளர்ச்சி மாறிலி சுமார் 65,000. சோடியத்தோடு இணைந்து நிற்பதற்கு சுமார் 80 மட்டும். சைக்ளோஹெக்சேனில் லித்தியம் முனைகள் இரண்டிரண்டாகக் கட்டிக்கொண்டு கிடக்கும். தனியாக அவிழ்ந்தது மட்டும் வளரும். அதனால்தான் வேகம் தொடக்கிச் செறிவின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது.

மைக்கேல் ஸ்வார்க் 1956-இல் காட்டிய உயிருள்ள பாலிமர் (முனை முடிந்துபோகாமல் வளரத் தயாராகவே நிற்கும் பாலிமர்) டி.எச்.எஃப்.-இல் சோடியம் நாப்தலீனைடு கொண்டு செய்தது. பச்சை நிறம் சிவப்பாக மாறி, ஸ்டைரீன் தீர்ந்த பின்பும் சிவப்பு நிலைத்திருந்தது. உங்கள் குடுவையில் சிவப்பு வந்து உடனே மங்கினால் காரணம் ஈரம். கணக்கைப் பாருங்கள்: 10 கிராம் ஸ்டைரீனில் ஒரு லட்சம் மூலக்கூறு எடை வேண்டுமானால், ஒரு தொடக்கி மூலக்கூறுக்கு ஒரு சங்கிலி என்ற கணக்கில், தொடக்கி 0.1 மில்லிமோல் மட்டும். 1.8 மி.கி. தண்ணீர் அத்தனையையும் கொன்றுவிடும். 100 மி.லி. கரைப்பானில் அது 20 பி.பி.எம். அளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியைத் திறந்து வைத்த டொலுவினில் இதைப்போலப் பல மடங்கு ஈரம் இருக்கும். சோடியத்தோடு பென்சோஃபீனோன் சேர்த்து, நீலம் நிலைத்த பிறகு வடித்தெடுங்கள். பியூட்டைல் லித்தியத்தோடு குளோரின் உள்ள கரைப்பான் ஒருபோதும் சேரக் கூடாது, வெடித்துப் பொங்கும்.

வளரும் முனை நேர்மின்சுமை கொண்ட நேரயனி முறையில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். பெர்குளோரிக் அமிலம் தொடக்கியாக இருக்க, கார்பன் டெட்ராகுளோரைடில் 0.0012 ஆக இருக்கும் வளர்ச்சி மாறிலி 1,2-டைகுளோரோஈத்தேனில் 17 ஆகிறது.

ரப்பர் கம்பெனியில் சொலுஷன் எஸ்.பி.ஆர்., எமல்ஷன் எஸ்.பி.ஆர். என்கிறார்களே, இதோடு தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. எஸ்.பி.ஆர். என்பது ஸ்டைரீன்–பியூட்டாடையீன் ரப்பர். எமல்ஷன் வகை தண்ணீரில் சோப்புத் துளிகளுக்குள் தனி உறுப்பு முறையில், குளிர் வகை என்றால் 5 டிகிரியில் உருவாவது. ஸ்டைரீன் பெரும்பாலும் 23.5 சதவீதம். அங்கே தண்ணீர் கரைப்பான் இல்லை, ஊடகம். சொலுஷன் வகை ஹெக்சேன் அல்லது சைக்ளோஹெக்சேனில் பியூட்டைல் லித்தியத்தால் உருவாவது. ஹைட்ரோகார்பனில் மட்டும் விட்டால் பியூட்டாடையீன் முதலில் தீர்ந்து, ஸ்டைரீன் பின்னால் தொகுதியாகச் சேரும். கொஞ்சம் டி.எச்.எஃப். விட்டால் இரண்டும் கலந்து சேரும். வினைல் அளவும் ஏறும். டயர் டிரெட்டின் ஈரச்சாலைப் பிடிப்பு அந்தச் சிறு அளவால் மாறுகிறது.

ஃபைபர் பட்டறையில் ரெசின் கெட்டியாக இருந்தால் தின்னர் ஊற்றலாமா?

கூடாது. பாலியெஸ்டர் ரெசினில் ஏற்கெனவே 30 முதல் 45 சதவீதம் ஸ்டைரீன் இருக்கிறது. அதுவே கரைப்பான், அதுவே வினைபொருள். இறுகும்போது அது வலைக்குள் கட்டப்பட்டுவிடும். தின்னர் கட்டப்படாது. உள்ளே தங்கிப் பொருளை மென்மையாக்கும், சூட்டில் குமிழாகும், மாதக்கணக்கில் வெளியேறிச் சுருக்கத்தையும் விரிசலையும் தரும். தளர்த்தியே ஆகவேண்டும் என்றால் 5 சதவீதம் வரை ஸ்டைரீன் சேருங்கள். பிரஷ் கழுவிய அசிட்டோன் நன்றாக உலர்ந்த பிறகே ரெசினில் தொடுங்கள்.

வெயில் காலத்தில் வாளியிலேயே இறுகுகிறது என்றால் கேட்டலிஸ்ட்டை (இறுக்கத்தைத் தொடங்கும் பெராக்சைடு) 1 சதவீதத்துக்குக் கீழே இறக்காமல் கோபால்ட்டை (அதை வேகப்படுத்தும் பொருள்) குறையுங்கள். கேட்டலிஸ்ட் குறைந்தால் இறுக்கம் பாதியில் நின்று, செய்த பொருள் பல நாள் கையில் ஒட்டும். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றக் கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே மற்றது.

பென்சாயில் பெராக்சைடா, ஏ.ஐ.பி.என்.-ஆ?

இரண்டும் தொடக்கிகள். கரைப்பான் விளைவைப் படிப்பதென்றால் ஏ.ஐ.பி.என். அது சிதையும் வேகம் கரைப்பானுக்குக் கரைப்பான் அதிகம் மாறாது. 65 டிகிரியில் அரைவாழ்வு சுமார் 10 மணி நேரம். பென்சாயில் பெராக்சைடு கரைப்பான் தனி உறுப்புகளாலும் தூண்டப்பட்டுச் சிதையும். ஈதரில் மிக வேகம், அமீனோடு ஆபத்து. அப்புறம், பாட்டிலில் 25 சதவீதம் தண்ணீர் கலந்து வருவதை எடையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உலர்த்திய பின்னும் என்.எம்.ஆரில் 2.36-இல் கூர்மையான சிகரம் வருகிறதே?

அது டொலுவினின் மீத்தைல். பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரிக்குக் (அதன் கண்ணாடி மாற்ற வெப்பநிலை) கீழே கண்ணாடிபோல் விறைத்து நிற்கும். உள்ளே மாட்டிய டொலுவின் 60 டிகிரி அடுப்பில் எளிதில் வெளியேறாது. கண்ணாடி மாற்ற வெப்பநிலை 80 என்று வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். மறுபடி கரைத்து, மெல்லிய நாராக வீழ்த்தி, வெற்றிடத்தில் ஓர் இரவு வையுங்கள்.

மிஞ்சிய மெத்தனால்–டொலுவின் கலவையை என்ன செய்வது?

கை கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். வடித்துப் பிரிக்கவும் பார்க்காதீர்கள். இரண்டும் 64 டிகிரியை ஒட்டி ஒன்றாகவே கொதிக்கும். பிரிபுனலில் இரண்டு மடங்கு தண்ணீர் சேருங்கள். மெத்தனால் தண்ணீரோடு கீழே போகும். டொலுவின் மேலே மிதக்கும். அதைப் பிரித்து, கால்சியம் குளோரைடில் உலர்த்தி, வடித்து, கண்ணாடிச் சாமான் கழுவ வைத்துக்கொள்ளலாம். அதில் ஸ்டைரீன் மிச்சம் இருக்கும் என்பதால் அடுத்த பலபடியாக்கலுக்கு எடுக்க வேண்டாம். கீழ் அடுக்கைக் கழிவுக் கேனில் சேருங்கள். குளோரின் உள்ள கழிவுக்குத் தனிக் கேன், மூடியில் தேதியும் பெயரும் எழுதி.